கையுறைக்குள் சோளமாவு

ஹோல்மன் கிரீக், விஸ்கான்சின்
நவம்பர் 2, ஞாயிறு

அன்பு மகள் காரினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹெட்டியும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நியூசிலாந்தில் இப்போது வசந்தம், பூவெல்லாம் வந்திருக்கும். இங்கே மூன்று தடவை உறைபனி விழுந்துவிட்டது, அப்பா தோட்டத்தில் மிச்சமிருந்த பரங்கிக்காயையெல்லாம் கொட்டகைக்குள் உருட்டிவிட்டார், உருட்டியதில் அவர் முதுகு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே எட்டாத இடத்தில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறார். நீ போன வாரம் இரண்டு தடவை போன் அடித்தாய், நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் சொல்லிவிடுவாய், கடைசியில் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன். கடிதத்தில் அது நடக்காது. உட்கார்ந்து முழுதும் படி.

சர்ச் கமிட்டிக்காரர்கள் உனக்கு என்ன எழுதினார்களோ எனக்குத் தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன். ஹாலோவீன் பேய் வேஷத்துக்கு முந்தின அக்டோபர் மாதத்தில் என் வியாழக்கிழமைப் பிள்ளைகள் கூட்டம் எப்படி என்று உனக்கே தெரியும், சர்ச் கீழ்த்தளத்தில் முப்பத்தாறு வருடமாக அப்படித்தான். ஒரு நீளத் தொட்டியில் பரங்கிக்காயின் குடல், விதையும் நாருமாகப் பிள்ளைகள் முழங்கை வரை விட்டுக் குழப்புவதற்கு. ஒரு தொட்டியில் சோளமணி, அதில் புதைத்து வைத்த ரப்பர் சிலந்திகள். வாசலில் மேப்பிள் இலைக் குவியல், விழுந்து புரள. புழக்கடையில் சூனியக்காரியின் சூப், அதாவது பழைய அண்டாவில் சேறு, காட்டு ஆப்பிள், ஓக் கொட்டை, யாராவது பிடித்துக்கொண்டு வந்த மண்புழு. அப்புறம் அந்த ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள். நம் ஊரில் அந்த விளையாட்டை விளையாடாமல் யாரும் வளரவில்லை, கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும், நூடுல்ஸ் செத்தவனின் குடல், உரித்த தக்காளி செத்தவனின் கண், சோளமணி செத்தவனின் பல். முன்பெல்லாம் கண்ணுக்குத் திராட்சைதான், தொண்டையில் அடைக்கும் என்று இருபது வருடத்துக்கு முன்பே நானாக நிறுத்திவிட்டேன், எந்தப் பயிற்சிக்கும் போய்த் தெரிந்துகொண்டது இல்லை அது. கடைசிப் பெட்டியில் கை. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையில் சோளமாவைக் கரைத்து ஊற்றி, மணிக்கட்டில் கட்டி, முந்தின நாளே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும், தொட்டால் நிஜக் கை மாதிரியே அமுங்கும்.

இந்த வருடம் கூட்டத்தில் சிக்னி இருந்தாள். ஜனெல்லின் மகள், நாலு வயது. அவள் அப்பா பிரென்ட் ஆகஸ்டில் தானியக் கிடங்குக்குள் விழுந்து செத்துப்போனதை உனக்குச் சொன்னேன், நீ ஐயோ பாவம் என்று ஒரு வரி அனுப்பினாய். சவப்பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் யாரும் முகம் பார்க்கவில்லை, பிள்ளையை அடக்கத்துக்கே கூட்டிப்போகவில்லை. அவளிடம் அப்பா கர்த்தரிடம் இருக்கிறார் என்று ஜனெல் சொன்னாளாம், தூரமாகப் போயிருக்கிறார் என்று பாட்டிக்காரி சொன்னாளாம், இரண்டையும் சேர்த்துப் பார்த்து அந்தப் பிள்ளை கர்த்தர் எங்கோ தூரத்தில் வேலை கொடுத்திருக்கிறார் என்று முடிவு பண்ணிக்கொண்டது. அவள் காதுபட செத்துவிட்டார் என்ற சொல்லை யாரும் எடுக்கக்கூடாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்கள், எனக்கும் சொன்னார்கள். நானும் மதித்தேன். பெட்டிகளை எடுத்து ஒளித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், மற்ற பிள்ளைகள் செப்டம்பரிலிருந்தே பெட்டி எப்போது பெட்டி எப்போது என்று அரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் செத்தவன் வேண்டாம், சோளக்கொல்லை பொம்மை என்று மாற்றினேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன், பொம்மையின் குடல், பொம்மையின் கண், பொம்மையின் பல் என்று. மூன்று பெட்டிக்கும் ஒழுங்காகத்தான் சொன்னேன். நாலாவது பெட்டிக்கு வரும்போது அண்டாப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது, தலையைத் திருப்பிக்கொண்டே பழக்கத்தில் சொல்லிவிட்டேன், செத்தவன் கை இதோ, தொட்டுப் பார் என்று. முப்பத்தாறு வருட நாக்கு. பெட்டிக்குள் கை விட்டிருந்தது சிக்னி.

செத்தவன்னா யாரு என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஓட்டோ, மார்லிஸின் பேரன், ஐந்து வயது, உங்க அப்பாதான் செத்துப் போயிட்டாரே என்று சொல்லிவிட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னான். அவள் அழவில்லை. பெட்டியிலிருந்து அந்தக் கையை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் இலைக் குவியலுக்கு ஓடிவிட்டார்கள், அவள் மட்டும் அந்த இடத்தை விட்டு நகராமல் அதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். நான் கிட்டே போனதும், "மிஸ், அப்பா கை ஜில்லுன்னு இருக்கு" என்றாள். காரின், அந்த நேரத்தில் நீ அங்கே இல்லை. மார்லிஸ் இல்லை, போதகர் இல்லை, ஜனெல் தொழிற்சாலையில் இருந்தாள். நான்தான் இருந்தேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கையை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, வா கண்ணு பரங்கிக்காயைக் குழப்பலாம் என்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், எல்லாருக்கும் அதுதான் பிடித்திருக்கும். நான் தரையில் உட்கார்ந்தேன், என் முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. "சிக்னி, இது கையில்ல, பாத்திரம் கழுவுற கையுறை, உள்ள சோளமாவு. உங்கப்பா செத்துட்டாரு. அவரு இனி வரமாட்டாரு" என்று சொன்னேன். "ஹாலோவீனுக்கு எல்லாரும் வேஷம் போட்டுட்டு வீட்டு வாசலுக்கு வருவாங்களே, அப்பகூட வரமாட்டாரா?" என்றாள். அப்போதும் வரமாட்டார் என்றேன். அப்புறம் கத்தரிக்கோல் வேண்டும் என்றாள். கொடுத்தேன். கையுறையை அவளே வெட்டினாள், மாவு வழிந்து தொட்டியில் விழுந்தது, ஒவ்வொரு விரலையும் தலைகீழாகத் திருப்பி உள்ளே பார்த்தாள். எல்லா விரலையும் பார்த்து முடித்த பிறகுதான் என் மடியில் ஏறி அழுதாள். அழுது முடித்துவிட்டுப் பரங்கிக் குடலில் அந்த மாவைப் போட்டு மத்தியானம் வரை பிசைந்துகொண்டிருந்தாள், ஜனெல் கூட்டிப்போக வந்தபோது தலையெல்லாம் விதை.

நாக்கு தவறியது என் தப்பு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன், ஜனெல்லிடம் அன்றைக்கே சொல்லாமல் விட்டதும் தப்பு, அவள் அவசரமாகக் கிளம்பினாள், சாயங்காலம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் சாப்பாட்டு மேசையில் பிள்ளையே சொல்லிவிட்டது, அப்பா செத்துட்டாரு, மிஸ் சொன்னாங்க என்று. பாட்டிக்காரி மார்லிஸுக்குப் போன் போட்டாள், மார்லிஸ்தானே கமிட்டித் தலைவி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் ஹாலோவீனில் பிசாசு வேலை காட்டுகிறேன் என்று ஒருத்தி சொன்னாளாம், அவள் பிள்ளைகள் மூன்றும் என் தொட்டியில் கை விட்டு வளர்ந்தவை. ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் என் மேசையில் அப்பாவும் நானும் மட்டும். அடுத்த வியாழக்கிழமை ஒன்பது பிள்ளைகள் வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. இதையெல்லாம் உனக்கு எழுதத்தான் இருந்தேன், நீ சின்னப் பிள்ளைகளைப் பற்றியே படித்தவள், அங்கே டீச்சர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறவள், நான் செய்தது சரியா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். எனக்கு முன்னால் மார்லிஸ் கேட்டுவிட்டாள்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. மார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நம் ஊர்ப் பெண்ணே இந்தத் துறையில் பெரிய இடத்தில் இருக்கிறாள், அவளிடமே கேட்டோம் என்று சொல்லி உன் கடிதத்தை வாசித்தாள். இரண்டு பக்கம். நான் முழங்கால் வலியைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வர ஆறு வாரம் ஆயிற்று, மார்லிஸுக்கு அன்றைக்கே போயிருக்கிறது. அதில் என் பெயர் இல்லை, அம்மா என்ற சொல் இல்லை. உரிய பயிற்சி இல்லாத தன்னார்வலர் என்று ஒருத்தி இருந்தாள், யாரோ என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் அது நான் என்று புரிந்தது. இழப்பைப் பற்றிக் குழந்தையிடம் எப்போது எப்படிப் பேசுவது என்பது முழுக்கக் குடும்பத்தின் உரிமை என்று எழுதியிருந்தாய். சரி. கடைசியில் என் மனம் குளிரட்டும் என்று நினைத்தாயோ என்னவோ, "நான் நாலு வயதில் நாள் முழுக்கத் தோட்டத்து மண்ணைத் தோண்டி விளையாடியவள், அந்தச் சந்தோஷம்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது, இயற்கையோடு விளையாடுவதை எந்தக் குழந்தைக்கும் நிறுத்திவிடாதீர்கள், தகுதியானவர்களிடம் ஒப்படையுங்கள்" என்று முடித்திருந்தாய். அதைக் கேட்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா சர்ச்சுக்குள்ளேயே தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், அவர் அதற்கு முன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஓட்டோ சொன்னதை நான் சொல்லுவேனோ என்று மார்லிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லவில்லை, அவன் ஐந்து வயதுப் பிள்ளை. கை தூக்கச் சொன்னார்கள். பதினொன்றுக்கு இரண்டு. ஜனெல் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே பதினொன்றில் ஒரு கையைத் தூக்கினாள். தகுதியான ஆள் கிடைக்கும் வரை வியாழக்கிழமை கிடையாது. தொட்டிகளை மறுநாளே காலி பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஹாலோவீன் அன்றைக்கு, ஜனெல் சமையலறைப் பக்கத்துக் கதவுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்தேன், உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை. "நான் சொல்லியிருக்கணும் அதை. எனக்கு வாய் வரல. அதுக்காக நீங்க சொல்லிட முடியாது. உங்கள என்னால மன்னிக்க முடியல ஆர்லீன்" என்றாள். நியாயம்தான் என்றேன். அப்புறமும் போகாமல் நின்றாள். பிள்ளை தினமும் சாயங்காலம் ஜன்னலில் நாற்காலி போட்டு ஏறி நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்குமாம், பிரென்ட் வண்டி வருகிற நேரத்துக்கு, ஆகஸ்டிலிருந்து ஒரு நாள் தவறாமல். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் ஏறவில்லையாம். அழுகிறாளாம், கோபித்துக்கொள்கிறாளாம், அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாளாம், ஆனால் ஜன்னலுக்குப் போகவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு ஜனெல் போய்விட்டாள், கதவைக்கூடச் சாத்தவில்லை.

இனிமேல் எழுதப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை, அப்பாவோடு பேசியதும் இல்லை. உன் தம்பி நில்ஸ் ஒரு செப்டம்பரில் தொட்டிலில் இறந்தான், ஐந்து மாதப் பிள்ளை. உனக்கு ஒன்பது வயதில் கல்லறையில் பெயரைப் படித்துவிட்டுக் கேட்டாய், அப்போது சொன்னோம், ஓ என்றாய், எனக்கு அவனை ஞாபகமே இல்லை என்றாய். ஆனால் அவன் போனபோது உனக்கு நாலு வயது. குடும்பத்தின் உரிமை என்று எழுதினாயே, அந்த உரிமையை வைத்துக்கொண்டு நாங்கள் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. நில்ஸ் எங்கே என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் அப்பாவுக்குத் தாங்க முடியாமல், அவன் மண்ணுக்குள்ள தூங்கறான் என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம்தான் நீ தோண்ட ஆரம்பித்தாய். முதலில் காரட் பாத்தி, அப்புறம் வேலி ஓரம், அப்புறம் இலைக் குவியலுக்கு அடியில். தரை உறையும் வரை தோண்டினாய், பனி உருகியதும் மறுபடி ஆரம்பித்தாய். ஒவ்வொரு குழியிலும் குனிந்து மெதுவாக ஏதோ கூப்பிடுவாய். என்ன கூப்பிடுகிறாய் என்று எனக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரிகள் வேலியில் சாய்ந்துகொண்டு, மண்ணென்றால் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஆசை என்றார்கள், நான் ஆமாம் என்றேன். அவர்கள் பிள்ளைகளையும் அனுப்பினார்கள், தொட்டி வைத்தேன், சோளம் கொட்டினேன், பரங்கிக்காய் அறுத்தேன், கூட்டம் சேர்ந்தது, சர்ச்சில் இடம் கொடுத்தார்கள். என் வியாழக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. நீ விளையாடவில்லை காரின். தேடிக்கொண்டிருந்தாய். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும் என்று தெரியும், சொல்லவில்லை. பிறகு நீயாகவே ஒரு நாள் நிறுத்தினாய், அதன் பிறகு அவனைப் பற்றிக் கேட்கவில்லை, என்னிடம் எதையுமே அப்படிக் கேட்கவில்லை. சிக்னி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இரண்டாவது தடவையும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, போகவில்லை, போக நாளாகும். இதைப் படித்த பிறகு உனக்கு என் மேல் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும், அதுவும் நியாயம்தான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அப்பாவுக்குப் பின்னல் மேலாடை அனுப்பாதே, போன வருடத்ததே பிரிக்காமல் இருக்கிறது. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், உன் வேலையில் உன்னை உயர்த்தட்டும், நீ பேசும் இடமெல்லாம் உன் பேச்சு எடுபடட்டும், இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. "ஹெட்டி நாள் முழுக்கத் தோட்டத்தில் தோண்டுகிறாள், அப்படியே என்னைப் போல" என்று எழுதிப் படம் அனுப்பியிருந்தாய். படம் எடுப்பதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார், எதைத் தேடுகிறாய் என்று கேள்.

உன் அம்மா,
ஆர்லீன்